பத்து மணி பன்னிரண்டு, வயிறு

"நிறுத்து தம்பி. வயிறு."

அக்காவின் குரல் ஹெட்போனில் வந்தது. நிறுத்தினேன். நான் வாசித்துக்கொண்டிருந்தது துப்பறியும் நாவல். கூடத்தில் பிணம் கிடக்கிறது. கதவைத் திறந்தவள் அப்படியே நிற்கிறாள். 'அந்த வீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை' என்று வாசித்து முடித்ததும் என் வயிறு நீளமாக உறுமியது.

"செத்தவன் இன்னும் சாகல போலிருக்கு. அந்தப் பத்திய திரும்பப் படி."

நான் ஒலிப்புத்தகங்களுக்கு வாசிப்பவன். அக்கா ஒலிப்பதிவாளர். கூடப் பிறந்தவள் இல்லை. அந்த ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். ஒவ்வொரு நாளும் ஒரு தாளில் கோடு போட்டு, வெட்ட வேண்டிய இடங்களை எழுதி வைப்பாள். நேரம், பக்கம், காரணம். காரணத்தில் சாதாரணமாக 'நாற்காலி', 'லாரி', 'தாள் சரசர' என்று இருக்கும். அன்று எட்டாம் தேதி. பத்து மணி பன்னிரண்டில் ஆரம்பித்து மதியத்துக்குள் இருபத்தேழு இடங்களில் 'வயிறு' என்று இருந்தது.

சர்க்கரை மாத்திரை. ஆறு வாரமாகச் சாப்பிடுகிறேன். எனக்கு முப்பத்துநான்கு வயது. என் மனைவி இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள், மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அதற்குப் பிறகு நான் கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில் தின்றேன், அல்லது தின்னவில்லை. தாகம் தாங்காமல் பரிசோதனைக்குப் போனபோது சர்க்கரை என்றார்கள். "முதல்ல கொஞ்ச நாள் வயிறு தகராறு பண்ணும், அப்புறம் பழகிடும்" என்றார் டாக்டர். பழகவில்லை. உப்புசம், இரைச்சல், காலையில் இரண்டு தடவையாவது நடைக்கோடிக் கழிப்பறைக்கு ஓட்டம்.

அன்று மதியம் முதலாளி வந்தார். தாளைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"தம்பி, இருபத்திநாலு அத்தியாயம். நாலாவதுலயே நிக்கற. மாசக் கடைசிக்குள்ள முடியணும். முடியலன்னா கம்பீரத்துக்கிட்ட குடுத்துடுவேன். முதல்லேர்ந்து அவரே படிக்கட்டும்."

கம்பீரம் என்பது பட்டப்பெயர். மதியத்துக்கு மேல் அதே ஒலிப்பதிவுக் கூண்டில் ராஜாக்கள் கதை வாசிப்பவர். கோடையிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். அவரைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்த நாவல் எனக்கு வேண்டும். மனைவி போனபின் நான் வாயைத் திறந்து பேசுவது அந்தக் கூண்டுக்குள் மட்டும்தான், அதுவும் யாரோ எழுதிய வார்த்தைகளை. வெளியே எனக்கு 'ம்' போதும். அந்தக் கூண்டையும் பிடுங்கிவிட்டால் நாள் முழுக்க என்ன செய்வது என்று தெரியவில்லை.

எனவே மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று நாளில் தாளில் 'வயிறு' ஒன்றிரண்டாகக் குறைந்தது. அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். அத்தியாயங்கள் ஓடின. முதலாளி எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒரு வாரம் கழித்துத் தொண்டை காய ஆரம்பித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும் 'சொடக்' என்று ஒரு சத்தம். நம் காதுக்கு அது ஒன்றுமே இல்லை. மைக்குக்கு அது விறகு முறிகிற சத்தம். நான் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தேன். அரைமணிக்கு ஒருமுறை கூண்டை விட்டு வெளியே போனேன்.

பதினாறாம் தேதி அக்கா தாளைக் கூண்டின் கண்ணாடியில் ஒட்டவைத்துக் காட்டினாள். 'வாய்', 'வாய்', 'வாய்'. நாற்பத்தொரு தடவை.

"வயிறு போய் வாய் வந்திருக்கு. மாத்திரைய நிறுத்திட்டியா?"

"இல்லக்கா."

"பொய். நீ பொய் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்ப. அஞ்சு வருஷமா உன் மூச்ச வெட்டிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவள் கூண்டுக்குள் வந்தாள். பதிவு நடக்கும்போது அவள் உள்ளே வருவதே இல்லை.

"இந்தா. ரெண்டு மாசத் தாளு. எல்லாம் நேரத்தோட இருக்கு. அப்படியே டாக்டர்கிட்ட குடு. உன்ன விட்டா அங்க போயும் 'ம்'னுதான் சொல்லுவ."

டாக்டர் விரல் நுனியில் குத்திப் பார்த்தார். இருநூற்று எழுபது.

"நிறுத்தி எத்தன நாளாச்சு?"

"எட்டு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற வழி பாத்திருப்பேன்ல? வயிறு தொல்ல குடுக்குதுன்னு வந்து சொல்றதுல என்ன வெக்கம்? தினமும் பத்து பேர் அத சொல்லத்தான் இங்க வராங்க."

நான் தாள்களை நீட்டினேன். அவர் வேண்டாவெறுப்பாக வாங்கினார். இரண்டாவது தாளில் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். நான்காவது தாளில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெளியே காத்திருந்தவர்கள் இருமினார்கள்.

"யார் எழுதினது இது? எனக்கு இப்படி ஒரு ஆள் கிளினிக்குக்கு வேணும்" என்றார். பிறகு, "பத்து மணிக்கு ஆரம்பிக்குது. பன்னெண்டரைக்கு மேல அடங்கிடுது. மாத்திர எப்ப போடுவீங்க?"

"ஒன்பது மணிக்கு."

"என்ன சாப்பிட்டு?"

"பால் இல்லாத காபி. சாப்பிட்டா சளி கட்டும், குரல் கெட்டுடும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வெறும் வயித்துலயா!" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். மறுபடி தாளுக்கு வந்தார்.

"இது என்ன, 'தாள் சரசர'ன்னு? எல்லா நாளும் இருக்கு."

"மிட்டாய்த் தாள். தொண்டைக்கு. முன்னாடி தேன் மிட்டாய். இப்ப சர்க்கரை இல்லாததா வாங்கறேன்."

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எத்தன?"

எனக்குத் தெரியவில்லை. அக்காவின் தாளுக்குத் தெரிந்திருந்தது. பதினெட்டு. ஒரு நாள் இருபத்திரண்டு.

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். நல்ல சிரிப்பு, தோள் குலுங்கியது. சர்க்கரைக்குப் பதில் அந்த மிட்டாயில் போடுகிற இனிப்பு குடலில் சரியாகச் செரிக்காது, தண்ணீரை இழுக்கும், வாயு கிளப்பும், அளவு மீறினால் பேதியாகும் என்று சொன்னார். "பாவம் அந்த மாத்திர. செஞ்சது பாதி, வாங்கின பேரு முழுசு."

வேறு மாத்திரை எழுதினார். மெதுவாகக் கரைவது, குறைந்த அளவு. இரவுச் சாப்பாட்டுக்கு நடுவில் போட வேண்டும். உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது. பழகியபின் அவரே அளவைக் கூட்டுவார். காலையில் கொஞ்சமாவது சாப்பிட வேண்டும். எண்ணெயில் முழுகியது வேண்டாம். மிட்டாய்க்குப் பதில் வெந்நீர். வாந்தியோ விடாத பேதியோ வந்தால் உடனே வர வேண்டும், நானாக எதையும் நிறுத்தக் கூடாது.

"பழகுற வரைக்கும் வேலைய மத்தியானத்துக்கு மாத்திக்க முடியுமா பாருங்க. தாளே சொல்லுதே, மத்தியானம் உங்க வயிறு சமத்துன்னு."

மத்தியானம் கம்பீரத்துடையது.

பதினான்கு மாதங்களில் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வேண்டுமா என்று கேட்டவர்களிடமும் வேண்டாம் என்றேன். மறுநாள் கம்பீரம் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு உதவி."

அவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். சர்க்கரை, மாத்திரை, வயிறு, மிட்டாய், கழிப்பறை, மாசக் கடைசி. இவ்வளவு நீளமாக என் சொந்த வார்த்தையில் பேசி நாளாகிவிட்டது. நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கினேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வெந்நீர் சட்டையில் கொட்டியது.

"யோவ், நானே கேக்கணும்னு இருந்தேன்யா. எனக்கு காலையிலதான் குரல் அடிவயித்துலேர்ந்து வரும். மத்தியானம் சாப்பிட்டு உக்காந்தா தூக்கம். போர்க்களத்துல என் ராஜா கொட்டாவி விடறான், அக்கா திட்றா."

"ஏன் சார் கேக்கல?"

சிரிப்பு நின்றது. மப்ளரால் சட்டையைத் துடைத்தார்.

"உங்கிட்ட எப்படிக் கேக்கறது? எழவு வீட்டுக்குள்ள போய் நாற்காலி கேக்கற மாதிரி இருந்தது."

"எடுத்துக்கங்க சார், காலியாத்தான் இருக்கு" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார். என் வாயும் கொஞ்சம் கோணியது.

வீட்டில் என் மச்சான் இருக்கிறான். மனைவியின் தம்பி, லிப்ட் மெக்கானிக். 'ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன் மாமா' என்று வந்தவன், இன்னும் போகவில்லை. அவன் சமைத்து அவன் சாப்பிடுவான். எனக்குத் தோன்றினால் அடுப்படியில் நின்றபடி தின்பேன். அன்று மேசையில் போய் உட்கார்ந்தேன். அவன் கரண்டியோடு நின்றுவிட்டான்.

"என்ன மாமா, உடம்பு சரியில்லையா?"

"மாத்திர போடணும். சாப்பாட்டுக்கு நடுவுல."

அவன் கேள்வி கேட்காமல் தட்டு வைத்தான். சோறு, கீரை, அவித்த முட்டை. பாதியில் மாத்திரைப் பெட்டியைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த தாளை உரக்கப் படிக்க ஆரம்பித்தான். "சிலருக்கு வயிற்றுப்போக்கு, குமட்டல், வாயில் உலோகச் சுவை..." மளிகைப் பட்டியல் மாதிரி படித்தான்.

"நிறுத்துடா, இத இப்படியா படிப்பாங்க?"

தாளைப் பிடுங்கிக் கொலைகாரனை நெருங்கும் குரலில் படித்தேன். "சிலருக்கு..." என்று இடைவெளி விட்டேன். "வயிற்றுப்போக்கு." அவனுக்குப் புரை ஏறியது. அவன் தலையில் தட்டிவிட்டு மாத்திரையை முழுங்கினேன்.

முதல் நான்கு நாட்கள் வயிறு முனகியது. அக்காவின் தாளில் ஒன்பது, ஏழு, ஏழு, நான்கு. காலையில் ரொட்டி தின்றுவிட்டு மத்தியானம் போனேன். மிட்டாய் பையில் இல்லாதபோது கை அதுவாகத் தேடியது. வெந்நீர் குடித்தேன். டாக்டர் அளவைக் கொஞ்சம் கூட்டியபோது ஒரு நாள் மறுபடி இரைச்சல், பிறகு இறங்கியது. ஒன்று, இரண்டு என்று வந்து நின்றது. வாய் முழுதாக அடங்கிவிட்டது.

இருபத்தொன்பதாம் தேதி மதியம் இருபத்துநான்காவது அத்தியாயம் முடிந்தது. முதலாளி கேட்க உட்கார்ந்தார். கடைசி அத்தியாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலையை ஆட்டினார். பிறகு முதல் அத்தியாயத்தைப் போடச் சொன்னார். கண்ணைத் திறந்தார்.

"அக்கா, இது ரெண்டும் ஒரே ஆளா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் கேட்டது. காலைக் குரலும் மதியக் குரலும் ஒட்டாது. அது எங்கள் தொழிலில் பால பாடம். மூன்று பேருமே மறந்திருந்தோம். அதற்கு மேலும் ஏதோ இருந்தது. முதல் அத்தியாயத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதை வாசித்தவனுக்கு யார் செத்தாலும் ஒன்றுதான்.

"பட்டினி கிடந்தவன் படிச்சது இது. சாப்பிட்டவன் படிச்சது அது" என்றாள் அக்கா. "நாலுலேர்ந்து நான் சரிபண்ணிக்கறேன். ஆரம்பம்தான் உதைக்குது."

முதலாளி நாட்காட்டியைப் பார்த்தார். "ரெண்டு நாள் இருக்கு. முதல் மூணு அத்தியாயம் மட்டும், சாப்பிட்டவன வச்சு. முடியுமா தம்பி?"

"அப்ப கம்பீரம் சார்?"

"அவர் எதுக்குய்யா? அவர் போர்க்களத்துல இருக்கார். இது உன் புத்தகம்."

அன்றே மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். அவசரப்படவில்லை. ஆறு மணிக்கு இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில் நானே நிறுத்தினேன்.

"என்னாச்சு? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. பசிக்குது."

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "வா, எனக்கும்தான்" என்றாள். கூண்டின் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.