ஹாஜி ஷஹாத்தா கடையில் முதல் போணி

மூன்று நாளில் பதினொரு கடை ஏறி இறங்கிவிட்டாள் புசைனா. பதினொரு கடையிலும் ஒரே பாட்டுத்தான்.

"டேப்லெட் இருக்கு மேடம். தனியாத் தர மாட்டோம். கீபோர்டு, உறை, ஹெட்போன் மூணும் சேர்த்து எடுத்தாத்தான்."

அத்தபா சதுக்கத்தைத் தாண்டினால் மின்சாதனக் கடைகளாகவே நிற்கும் தெரு அது. அங்கே பதினொரு முதலாளிகளும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி பேசினார்கள். புது டேப்லெட் சந்தைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கண்ணாடியில் பெரிய எழுத்தில் விலை ஒட்டியிருக்கிறது. அந்த விலையை எடுத்து நீட்டினால் பொருள் வராது. எந்தக் காலத்திலோ வாங்கிப்போட்டு விலைபோகாத கீபோர்டுகளை யார் தலையிலாவது கட்ட வேண்டும், அதற்கு இந்த டேப்லெட் கிடைத்தது. சனங்களும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார்கள். முணுமுணுப்பதற்கு மட்டும் இந்த ஊரில் யாரும் காசு கேட்பதில்லை.

புசைனாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கானூன் வாசிப்பவள். மடியில் கிடத்தி, இரண்டு ஆள்காட்டி விரலிலும் வளையம் மாட்டிக்கொண்டு, எழுபத்தெட்டு தந்தியை மீட்டுகிற வாத்தியம் அது. ஒரே இசைக்குழுவில், ஒரே நாற்காலியில், முப்பத்தோரு வருடம். இப்போது அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

குழுவுக்குப் புதிதாக வந்த நடத்துநர் உஸ்தாத் ஹைத்தம் போன வாரம் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னான்.

"மேடம், காகிதம் மைக்குல சரசரங்குது. வியாழக்கிழமை ஒத்திகைக்கு எல்லாரும் இந்தப் புது டேப்லெட்டோட வரணும். கையே வேண்டாம், ஒரு கண்ணை அடிச்சா பக்கம் தானாத் திரும்பும்."

"எனக்குக் காகிதமும் வேண்டாம், கண்ணடிக்கவும் வேண்டாம் உஸ்தாத். எல்லாப் பாட்டும் மனப்பாடம். நான் என்னிக்காவது காகிதம் வெச்சு வாசிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே மேடம். இல்லாதவங்க சனிக்கிழமை கச்சேரிக்கு ஓய்வு எடுத்துக்கட்டும்."

ஓய்வு என்று தேன் தடவிச் சொன்னான். போன வருடம் இப்படி ஓய்வெடுக்கப் போன ஊத் வாத்தியக்காரர் இன்னும் ஓய்வில்தான் இருக்கிறார். டேப்லெட் ஒரு சாக்கு என்று புசைனாவுக்குத் தெரியும். மேடையில் நரைத்த தலை அவனுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சாக்கைப் பிடுங்கிவிட்டால் அவன் வேறு என்ன சொல்வான் என்று பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

பணத்துக்குக் குறைவில்லை. குடியிருப்புப் பெண்கள் போடும் சீட்டில் இந்த மாதம் அவள் முறை. கூடக் கேட்கிற தொகையையும் எப்படியாவது புரட்டிவிடலாம். குழுவில் வயலின் வாசிக்கும் ரம்ஸி அப்படித்தான் வாங்கினார். அந்தக் கீபோர்டு இப்போது அவர் வீட்டில் ஃபூல் பயறுக் கூட்டு வைக்கிற கிண்ணத்துக்கு அடித்தட்டு.

"கொடுத்துத் தொலையேன் புசைனா. இதுல என்ன வீம்பு?" என்றார் ரம்ஸி.

"ஹைத்தமுக்கு ஒரு தடவை குனியணும், கடைக்காரனுக்கு ஒரு தடவை குனியணும். இத்தனை குனிஞ்சா அப்புறம் கானூனை மடியில வைக்க முதுகு நிமிராது ரம்ஸி."

வியாழக்கிழமை காலை. நான்கு மணிக்கு ஒத்திகை. தெருமுனையில் தஃமிய்யா வண்டிக்காரன் பொரித்த வடையை ரொட்டியில் வைத்துக் கொடுத்தான். அவள் நீட்டிய நோட்டுக்கு அவனிடம் சில்லறை இல்லை. சரி, வேண்டாம் என்று அவள் திரும்பியதும் பதறிப்போனான்.

"போணியம்மா! வெறுங்கையோட போகாதீங்க! இருக்கிற சில்லறையைக் கொடுங்க, போதும்!"

கொடுத்த சில்லறையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான். புசைனா ரொட்டியை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். நேற்று ஏறிய பதினொன்றாவது கடை ஞாபகம் வந்தது. கல்லாவுக்கு மேலே ஒரு பழைய ஒற்றை பவுண்டு நோட்டு, தங்க நிறச் சட்டத்துக்குள். அந்தக் கடையின் முதல் போணி. தினமும் காலையில் அதைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிற ஆள்தான் அப்படி மாட்டிவைப்பான்.

ஹாஜி ஷஹாத்தா பத்தரை மணிக்கு வந்து கதவைத் தூக்கியபோது, வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஹாஜி அறுபதைத் தாண்டியவர், தொப்பை அவருக்கு ஓரடி முன்னால் நடக்கும். விற்பனையாள் தாமர் பின்னாலேயே வந்தான், தலைமுடி நிறையப் பசை. அவர்கள் வாசலில் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு, ரேடியோவில் குர்ஆன் ஓதலைத் திறந்துவிடும் வரை பொறுமையாக இருந்தாள். பிறகு உள்ளே போய், கண்ணாடிப் பலகையின் மேல் பணக்கட்டை வைத்தாள்.

"ஒட்டியிருக்கிற விலை, எண்ணிக் கொண்டுவந்திருக்கேன். டேப்லெட் மட்டும்."

"ஹாஜ்ஜா, நேத்தே சொன்னேனே..."

"என்னை ஹாஜ்ஜான்னு கூப்பிடாதீங்க, நான் இன்னும் மக்கா பாக்கல. உங்க கீபோர்டை வாங்கினா இந்த ஜென்மத்துல பாக்கவும் முடியாது."

"தெருவுல எல்லாரும் பேசி வெச்சிருக்கோம். நான் ஒருத்தன் மீற முடியாதும்மா."

"அப்போ நான் இங்கயே இருக்கேன். நான்தான் இன்னிக்கு முதல் ஆள்."

அப்போதுதான் ஹாஜிக்கு உறைத்தது. கண் தன்னையறியாமல் சட்டத்துக்குள் இருந்த பழைய நோட்டுக்குப் போய்விட்டு வந்தது. புசைனா நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கானூன் வாசிக்க உட்காருகிற அதே உட்கார்வு. இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கத் தெரிந்தவள் அவள்.

"மேடம், எழுந்து வெளிய போறீங்களா?" என்று தாமர் முன்னால் வந்தான்.

"வாயை மூடுடா!" ஹாஜி பாய்ந்தார். "முதல் ஆளை வெளிய போங்கிறியே, கடையை இழுத்து மூடணுமா உனக்கு?" பிறகு முகத்தில் வெண்ணெய் வழிய அவளிடம் திரும்பினார். "ஒண்ணு செய்வோம். ஒரு சார்ஜர் வயர் எடுத்துக்கோங்க. சும்மா அஞ்சு பவுண்டு கொடுங்க. போணி ஆயிடும். அப்புறம் மத்ததைப் பேசலாம்."

"போணி முடிஞ்சா என் பேச்சும் முடிஞ்சுடும். தெரியும் ஹாஜி. வேண்டாம்."

"டீ குடிக்கிறீங்களா?"

"குடிச்சுட்டுத்தான் வந்தேன்."

பதினோரு மணி ஆயிற்று. எதிர்க்கடை ஜிர்ஜிஸ் தன் வாசலில் நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் போணி முடிந்திருந்தது. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தனக்குப் போணி ஆன பிறகு வருகிற ஆளை, இன்னும் ஆகாத பக்கத்துக் கடைக்கு அனுப்பிவைப்பார்கள். நல்ல வழக்கம்தான். அன்றைக்கு அது ஹாஜியின் கழுத்தில் கயிறாக விழுந்தது.

ஒரு அப்பா, ஒரு அம்மா, நடுவில் கல்யாணம் நிச்சயமான பெண். மூவரும் உள்ளே வந்தார்கள்.

"எதிர்க்கடையில அனுப்பினாங்க. உங்களுக்கு இன்னும் போணி ஆகலையாமே. பொண்ணு சீருக்கு ஃப்ரிஜ், வாஷிங் மெஷின், அடுப்பு, டிவி எல்லாம் பாக்கணும்."

ஹாஜியின் முகம் மலர்ந்தது. ஒரு வாரத்து வியாபாரம் ஒரே குடும்பமாக நடந்து வந்திருக்கிறது. இரண்டு கையையும் விரித்தார். "வாங்க, வாங்க! மணப்பொண்ணு காலடி பட்டதே பரக்கத்து! தாமர், நாற்காலி போடு!"

"தாராளமா வித்துக்கோங்க ஹாஜி," என்றாள் புசைனா. குரலை உயர்த்தவில்லை. "முதல்ல வந்தது நான். என் பணம் இதோ கண்ணாடி மேல கிடக்கு. நீங்க எழுதி ஒட்டின விலைதான், ஒரு பவுண்டு குறைவில்ல. அதைத் தள்ளி வெச்சுட்டு, இந்தப் பொண்ணோட சீரை விக்கப் போறீங்க. அவ்வளவுதானே?"

பெண்ணின் அம்மா மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்ன சங்கதி இது? இவங்க எத்தனை நேரமா உக்காந்திருக்காங்க?"

"கதவு திறந்ததுல இருந்து," என்றாள் புசைனா.

"வேண்டாங்க! முதல் ஆளை வயிறெரிய வெச்சுட்டு என் மக சீருக்குப் போணியா? அவ நாளைக்கு அந்த ஃப்ரிஜ்ஜைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மா முகம்தான் ஞாபகம் வரும். முதல்ல அவங்களைச் சந்தோஷமா அனுப்புங்க. இல்லேன்னா நாங்க அடுத்த கடைக்குப் போறோம்."

ஹாஜி கூரையைப் பார்த்தார். பழைய நோட்டைப் பார்த்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பல்லிளிக்கிற ஜிர்ஜிஸைப் பார்த்தார். அவருக்குள் வியாபாரியும் பக்திமானும் சண்டை போட்டிருந்தால் யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

"தாமர்," என்றார். "ஒரு டேப்லெட். தனியா."

பெட்டி வந்தது. ஹாஜி பணத்துக்குக் கை நீட்டினார். புசைனா தன் கையை அதன் மேல் வைத்தாள்.

"கண்ணடிச்சா பக்கம் திரும்புமாமே. திரும்புதான்னு பாத்துட்டுத் தரேன்."

தாமர் முனகிக்கொண்டே திறந்து, ஒரு இசைத்தாளைத் திரையில் ஏற்றி, பலகையில் நிமிர்த்தி வைத்தான். புசைனா கண்ணடித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"ரெண்டு கண்ணும் மூடுது மேடம். ஒண்ணுதான் மூடணும்."

ஐம்பத்தெட்டு வருடத்தில் அவள் யாரையும் பார்த்துக் கண்ணடித்ததில்லை. செத்துப்போன புருஷனைப் பார்த்துக்கூட இல்லை. மறுபடி முயன்றாள். மூக்கு சுருங்கியது, புருவம் ஏறியது, இரண்டு கண்ணும் ஒன்றாக மூடித் திறந்தன. இதில் தோற்றுப்போய் வெளியே போவதா என்று நினைத்ததும் காது சிவந்தது.

கல்யாணப் பெண் பொறுக்க முடியாமல் முன்னால் வந்தாள். "வாயை லேசா ஒரு பக்கம் கோணிக்கோங்க ஆன்ட்டி. வலது பக்கம். கன்னம் மேல வரும், கண்ணு தானா மூடிக்கும்."

"உனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள் அம்மா.

பெண் சட்டென்று அடுப்புகள் பக்கம் நகர்ந்தாள். அப்பா ஃப்ரிஜ் பக்கம் திரும்பி அதன் கைப்பிடியை ஆராய்ந்தார். புசைனா வாயைக் கோணி, வலது கண்ணை அடித்தாள். பக்கம் திரும்பியது. டேப்லெட்டுக்கு நேர் பின்னால் நின்றிருந்த ஹாஜி ஷஹாத்தாவுக்கு அந்தக் கண்ணடி முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

"அஸ்தக்ஃபிருல்லாஹ்!" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓரடி பின்வாங்கினார்.

கடையே சிரித்தது. தாமர்கூடச் சிரித்துவிட்டான். புசைனா பணத்தின் மேலிருந்து கையை எடுத்தாள். ஹாஜி கடுகடுத்த முகத்தோடு பணக்கட்டை எடுத்தார். ஆனாலும் பழக்கம் விடுமா? முதல் நோட்டை உருவி, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"பொண்ணு நல்லா இருக்கட்டும்," என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள் புசைனா. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான்கு மணிக்கு ஒத்திகை மண்டபத்தில் அவள் கானூனோடு நுழைந்தபோது, ஹைத்தம் அவள் கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தான்.

"வாங்கிட்டீங்களா?" அவன் குரலில் வாழ்த்து இல்லை. "நீங்க வாங்க மாட்டீங்கன்னு நெனச்சு, சனிக்கிழமைக்கு வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டேனே மேடம்."

"அவருக்கு ஓய்வு கொடுங்க உஸ்தாத்."

ரம்ஸி வயலினுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். மற்ற வாத்தியக்காரர்கள் ஹைத்தமையே பார்த்தார்கள். சட்டம் அவனுடையது, டேப்லெட் அவன் கேட்ட டேப்லெட். கோலைத் தூக்கினான்.

புசைனா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். டேப்லெட்டைத் தாங்கியில் நிறுத்தி முதல் பக்கத்தைத் திறந்தாள். விரல்களில் வளையம் ஏறியது.

நாற்பது நிமிடம் வாசித்தார்கள். சுற்றிலும் எல்லோரும் கண்ணில் தூசு விழுந்தவர்கள் மாதிரி கண்ணடித்துக்கொண்டிருந்தார்கள். ரம்ஸி இரண்டு தடவை அதிகமாக அடித்து, பக்கம் தாண்டி, தொலைந்துபோய், புசைனாவின் தந்தியைக் கேட்டுத் திரும்பி வந்து சேர்ந்தார். அவளுடைய திரையில் முதல் பக்கம் அப்படியே நின்றது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை ஹைத்தமின் முகத்தையே பார்த்து வாசித்தாள். ஒரு தந்தி பிசகவில்லை.

முடிந்தது. ஹைத்தமின் பார்வை அவள் திரைக்குப் போயிற்று. முதல் பக்கம். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மெதுவாக அவள் முகத்துக்கு வந்தது.

புசைனா வாயை லேசாக வலது பக்கம் கோணி, அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள். பக்கம் திரும்பியது.