இல்லாத தம்பி

பஞ்சாலையில் மதியச் சங்கு ஊதியதும் வண்ணாரி சைக்கிளை எடுத்துவிடுவாள். கூடையில் ஒரு கீரைக்கட்டு, அதற்கடியில் மடித்த தாள்கள். சந்தைக்குப் பின்னால் இருந்த டயர் கடையின் பின்கட்டில் விரக் ஏழெட்டுப் பேருக்கு ரகசியமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தான். தாய்லாந்து எல்லையில் இருந்த அகதி முகாமில் கற்றுக்கொண்டு புனோம்பென்னுக்குத் திரும்பியவன், அவளைவிட ரொம்ப இளையவன்.

வியட்நாம் படை வந்து பொல்பொட் ஆட்களை விரட்டிச் சில வருஷம் ஆகியிருந்தது. இப்போது வியட்நாம் பாஷை படிக்கலாம், ரஷ்ய பாஷை படிக்கலாம். இங்கிலீஷ் படித்தால் மட்டும் பிடித்துக்கொண்டு போவார்கள். வண்ணாரிக்கோ மெல்போர்னில் ஒரு தம்பி இருந்தான். அவளை அங்கே கூப்பிட்டுக்கொள்ள வேண்டுமானால் மனுவை அவளே இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். வெளிநாட்டில் சொந்தம் இருப்பது தெரிந்தால் ஆலை வேலை போய்விடும். அது வேலையோடு நின்றால் அதிர்ஷ்டம்.

அன்று விரக், "உங்க குடும்பத்தைப் பத்தி நாலஞ்சு வரி எழுதுங்க. உள்ளதை எழுதினா போதும்" என்றான்.

அவளுக்குக் கை ஓடவில்லை. பொல்பொட் காலத்திலும் இப்படித்தான் தாளைக் கொடுத்து உள்ளதை எழுதச் சொன்னார்கள். அவள் கணவன், பள்ளிக்கூட வாத்தியார் என்று உள்ளதை எழுதினான். படிப்பதற்கு என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. காய்கறி விற்பவள் என்று பொய் எழுதிய அவள் பிழைத்துக் கிடந்தாள்.

கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்தவன் சாமெத், அந்த வட்டாரத்துப் போலீஸ்காரன். சட்டை சாதாரண வெள்ளை. கால்சட்டை மட்டும் போலீஸ் பச்சை.

"ஏன் எல்லாரும் வாயடைச்சுப் போயிட்டீங்க? நானும் படிக்கத்தான் வந்தேன். வாத்தியாரே, என்னையும் சேத்துக்குங்க."

வேண்டாம் என்று சொல்ல விரக்கால் முடியுமா? "உக்காருங்கண்ணே" என்றான். சாமெத் வந்து வண்ணாரியின் பாயிலேயே உட்கார்ந்தான்.

அவள் எழுதினாள். எனக்குக் கணவன் இல்லை. பிள்ளை இல்லை. பிரதர் இல்லை.

சாமெத் எட்டிப் பார்த்தான். "அக்கா, இந்தக் கடைசி வார்த்தை என்ன?"

"பிரதர். கூடப்பிறந்த ஆம்பளை."

"மூத்தவனா, இளையவனா?"

"ரெண்டுக்கும் அதே வார்த்தைதான்."

"நல்ல கூத்து. அப்போ வெள்ளைக்காரன் வீட்ல சண்டை வந்தா யாரு விட்டுக்கொடுப்பான்?"

எல்லாரும் பயத்தில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சாமெத், "உங்களுக்கு யாரு, அண்ணனா தம்பியா?" என்று கேட்டான்.

"தம்பி."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சாமெத் தாளைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து, பிரதர் என்ற வார்த்தையைத் தன் தாளில் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டான்.

அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தறி முன்னால் நிற்கும்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதலில் வாசலைத்தான் பார்த்தாள். வகுப்புக்குப் போகாமல் நின்றால் சந்தேகப்படுவான் என்று தினமும் போனாள். அவனும் தினமும் வந்தான். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு மதியம் சந்தை வாசலில் எதிரே வந்த சாமெத், அவளைத் தெரியாதவன்போல் கடந்து போனான். அவன் போனபின் பார்த்தால், கூடையில் கீரைமேல் ஒரு கசங்கிய தாள் கிடந்தது. சந்தையில் யார் எடுத்தாலும் படிக்க முடியாதபடி இங்கிலீஷில் இரண்டே வார்த்தை: போலீஸ் கம்.

வந்தார்களா? வரப்போகிறார்களா? அவர்களுடைய சொந்தப் பாஷையில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறுவதே இல்லை. கூடவே நேற்று, நாளை என்று ஒரு வார்த்தை போட்டால் விஷயம் முடிந்தது. சாமெத் அந்த ஒரு வார்த்தையைப் போடவில்லை. வந்து போயிருந்தால், இப்போது அங்கே போவது தானே வலியப் போய்த் தலையைக் கொடுப்பது. ஒருவேளை அவளை அங்கே வரவழைக்கத்தான் இதையே எழுதினானோ? கரும்புச்சாறு வண்டியோரம் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். வீட்டுப் பக்கம்கூடத் திருப்பிவிட்டாள். தாளை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கும் விரக்கின் பிடரி கண்ணுக்குள் வந்தது. சைக்கிளைத் திருப்பி டயர் கடைக்கு மிதித்தாள்.

விரக் இருந்தான். கூட இரண்டு பேர்.

"எழுந்திரு தம்பி. வர்றாங்க."

"யார் சொன்னது?"

"அதெல்லாம் அப்புறம். கிளம்பு."

அவர்கள் பின்சுவர் ஏறிக் குதித்தார்கள். அவள் தாள்களை அள்ளிக் கடைக்காரனின் அடுப்பில் போட்டாள். வெளியே வந்து எதிர் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டாள். நூடுல்ஸ்மேல் ஊற்றிய மீன்குழம்பு ஆறுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. எல்லாரையும்விட ஓங்கிக் கதவை உதைத்தவன் சாமெத். வெறும் அறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, தெருவில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். அவள் முகத்தில் மட்டும் பார்வை நிற்கவில்லை.

விரக் மறுபடி எல்லைக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். சாமெத்தை வேறு மாகாணத்துக்கு மாற்றிவிட்டார்கள். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. மழைக்காலம் முடிந்தபின் வண்ணாரி ஆற்றோரம் வேறொரு வீட்டில் வேறொரு வகுப்பைக் கண்டுபிடித்துப் போனாள். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்த வாத்தியாரம்மா பெயர் கேட்டபோது, வாயில் வந்த வேறு ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள்.