மெழுகுவர்த்தி இல்லாத டம்ளர்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. குரோம்பேட்டையில் நான் படிக்கும் மாலை டியூஷனில் பெற்றோர்களுக்காக ஓர் அறிவியல் விழா நடத்தினார்கள். அன்றிரவு டைரியில் எழுதிய முதல் வாக்கியம்: "ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலுக்கு நடுவே அறிவின் சுடர் ஒன்று…"

அடித்துவிட்டேன். சுடர் போதும்.

2

சோதனை எளிது. தட்டில் குங்குமம் கரைத்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி. மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். உள்ளிருந்த ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்தது என்பார் ஜெயவேலு சார். டியூஷனே அவருடையது. காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பதால், டம்ளரில் அந்த உயரத்தில் முன்கூட்டியே சிவப்பு டேப் ஒட்டிவிடுவார். தண்ணீர் டேப்பைத் தாண்டினால் டம்ளர் சரியில்லை. (இயற்கை அவரிடம் டியூஷன் சேரவில்லை. வேறென்ன சொல்ல?) எங்கே கைதட்ட வேண்டும் என்பதற்கும் ஒத்திகை உண்டு.

3

வெண்ணிலாவை எப்படி எழுதுவது? துணிச்சல்காரி என்றால் பொய். என்னோடு பத்தாம் வகுப்பு படிப்பவள். பேசும்போது துப்பட்டா நுனியை முறுக்குவாள். விழாவில் இந்தச் சோதனை அவளுடையது. ஒத்திகையில், வெந்நீரில் அலசிய வெறும் டம்ளரைத் தட்டில் கவிழ்த்தாள். மெழுகுவர்த்தியே இல்லை. தண்ணீர் ஏறியது.*

"இதுல எது சார் எரிஞ்சுது? உள்ள இருந்த சூட்டுக் காத்து ஆறிச் சுருங்குது, அவ்ளோதான்."

"பேரன்ட்ஸ் முன்னாடி இப்படி உளறினே, அதோட கிளாஸுக்கே வராதே. பப்ளிக் எக்ஸாமுக்கு நீயே படிச்சுக்கோ."

பரீட்சைக்கு ஒரு மாதம். இந்த டியூஷனை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை.

* வீட்டில் நானும் செய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

4

முடிவு அ: அவள் உண்மையைச் சொல்ல, சார் கண்கலங்கி… மன்னிக்கவும், சிரிப்பு வந்துவிட்டது.

முடிவு ஆ: ஒப்பித்துவிட்டு வீட்டில் அழுகிறாள். பரிசுக் கதைக்கு ஆகும்.

5

விழாவன்று சார் வெந்நீர் பிளாஸ்க்கை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பெற்றோர்களுக்குக் கண்ணாடி கிளாஸில் டீ. மேடையில் சுடர் அணைந்தது, தண்ணீர் ஏறியது, சொல்லிவைத்தபடி கைதட்டினோம்.

"ஏன் ஏறிச்சு? சொல்லும்மா," என்றார் சார், பெற்றோர்களைப் பார்த்துச் சிரித்தபடி.

வெண்ணிலா துப்பட்டா நுனியை விட்டாள். மீன் கடையை மூடிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தன் அம்மா அங்காளம்மாவைப் பார்த்தாள்.

"ம்மா, அந்த டீயக் கீழ ஊத்திட்டு கிளாஸக் குடு."

"இன்னாடி இது! இப்பத்தான் குடுத்தாங்க, கொதிச்சுகினு கீது!"

"அதான்மா வேணும். சீக்கிரம்."

அங்காளம்மா ஜன்னல் வழியே டீயை வீசிவிட்டுத் திரும்பினார். வெண்ணிலாவும் சாரும் ஒரே கிளாஸுக்குக் கை நீட்டினார்கள். சார் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

6

இங்கே நிறுத்துகிறேன். கிளாஸ் ஆறிக்கொண்டிருக்கிறது. யார் கையில் கொடுக்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் எழுந்து சமையலறைக்குப் போங்கள். தட்டு இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. செய்து பார்க்காமல் தயவுசெய்து கைதட்டாதீர்கள். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோமே.