மச்சினன் கட்டிய முடிச்சு

"சட்னியில உப்பக் காணோம். சண்டைக்கு உப்பையும் கொண்டு போயிட்டானுவளா?" என்றான் பவுல்.

"கடல்தண்ணி குடிச்ச நாக்குக்கு எவ்வளவு போட்டாலும் தெரியாது" என்றாள் அடுப்படியிலிருந்து ஜெபசுதா.

புதன்கிழமைக் காலை. ஜெபின் தட்டைத் தொடவில்லை. முந்தின நாள் மாலை துறைமுகத்தின் நிலக்கரித் தளத்தில் குண்டு விழுந்திருந்தது. காணாமல்போன நண்பனைத் தேடி விடியற்காலையில் பிணவறைக்குப் போயிருந்தான். அடையாளம் தெரியாத உடல் ஒன்றின் முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். அது பவுல். இங்கே இட்லி தின்றுகொண்டிருக்கும் அக்காள் கணவன்.

துறைமுகத்தில் ராணுவம் அமைத்திருந்த கிணற்றின் வழியாக முந்தின நாளுக்குள் இறங்கலாம். கிணற்றில் காற்று கிடையாது. அதனால் மூச்சடக்கத் தெரிந்த பவுல் போன்ற சங்குகுளிகளைத்தான் எடுத்தார்கள்.

"இன்னைக்கு போவாண்டாம் அத்தான்."

"நேத்து எவனோ கத்தி வெரட்டுனதாலதான் பதினோரு பேரு பொழைச்சிருக்கானுவ. இன்னைக்கு என்னைய அங்கனதான் அனுப்புதாவ. அப்ப அது நாந்தாம்ல. நான் போவாட்டா அவனுவ கதி?"

பிணவறையில் பார்த்ததை விழுங்கிக்கொண்டு, ஜெபின் கயிற்றை எடுத்துக்கொண்டு அவனோடு கிளம்பினான்.

கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவனின் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தன் அக்காளை அறுதலியாக்க அவனுக்கு மனம் வராது. கயிறு எங்கேனும் மாட்டினால் ஒரே இழுப்பில் அவிழும்படி இடுப்பில் உருவு முடிச்சுதான் போட வேண்டும். ஜெபின் அன்று அதைப் போடவில்லை. ஆட்களை விரட்டப் பவுல் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடியதால்தான் செத்திருப்பான் என்று நினைத்து, அவிழவே முடியாதபடி இறுக்கினான்.

"ஏலே, என்ன, மாட்டையா கட்டுத?" என்று சிரித்தபடி இறங்கினான் பவுல்.

கொஞ்ச நேரத்தில் கயிறு இரண்டு முறை அசைந்தது. இழுக்கச் சொல்லும் சைகை. ஜெபின் இழுத்தான். அந்தப் பக்கம் எதிலோ மாட்டியிருந்தது. மறுபடி அசைந்தது. மறுபடியும். பிறகு அசையவில்லை. மேலே வந்த நுனி கருகியிருந்தது.

மதியம் அக்காளும் தம்பியும் பிணவறைக்கு உடலை வாங்கப் போனார்கள். இடுப்பில் முடிச்சு அப்படியே இருந்தது. அதைச் சுற்றி நகக்கீறல்கள். சங்குகுளியின் மகளான ஜெபசுதா வெகுநேரம் அந்த முடிச்சையே பார்த்தாள். தம்பியின் பக்கம் திரும்பவில்லை.

"கத்தி இருக்கா?" என்று ஊழியரிடம் கேட்டாள்.

பதிவேட்டில் இறந்த நாள் செவ்வாய் என்றிருந்தது. மாற்ற முடியாது என்றார்கள்.

வீட்டுக் கொடியில், புதன்கிழமைக் காலை பவுல் அலசிப் போட்ட கைலியின் மடிப்பில் இன்னும் ஈரம் இருந்தது.