தக்காளி ராணிக்குப் போகாத புட்டி

"ரூம் குளுகுளுன்னு இருந்தா போதுமாடி? பெரியவங்கன்னு ஒரு மரியாதை வேணாம்?"

செர்வா அம்மாளின் குரல் கானா நாட்டின் குமாசிச் சந்தையின் மறுகோடிவரை போயிற்று. போட்டேமாவும் சளைத்தவள் இல்லை.

"எல்லா ஆபீஸ்லயும் முத்திரை வாங்கிட்டேன், நானா! இன்னும் யாரைக் கேக்கணும்?"

"ஆபீஸ்காரனா இங்க தக்காளி விக்கிறான்?"

சந்தையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ராணி உண்டு, மரியாதையாக 'நானா' என்று கூப்பிடுவார்கள்; செர்வா அம்மாள்தான் தக்காளி ராணி. அவள் தலையசைக்காமல் ஒரு கூடை நகராது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் ஒரு புட்டி ஜின்னோடு அவளைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். போட்டேமா தலைநகர் அக்ராவில் படித்தவள். இரண்டு சலூன்களை விற்று, காய்கறி கெடாமல் வைக்க, சூரிய மின்சாரத்தில் ஓடும் குளிர் அறையைக் கட்டியவள். புட்டியை மட்டும் மறந்துபோனாள்.

ஆறு வாரமாக அந்த அறையில் குளிர்ந்தது அவளுடைய மெக்கானிக் ஒபெங்கின் மதியச் சோறு மட்டுமே. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் அறையையும் விற்க வேண்டியதுதான்.

அப்போதுதான் கிழங்கு ராணி காலமானாள். ஒரு ராணியின் அடக்கத்தன்று சந்தையில் ஒரு கடையும் திறக்கக்கூடாது. தக்காளி ராணிக்கும் அதே சட்டம்தான். அன்று பார்த்து செர்வா அம்மாளுக்கு பக்கத்து நாடான புர்கினாவிலிருந்து மூன்று லாரி தக்காளி வந்து நின்றது. வெயிலோ மண்டையைப் பிளந்தது.

துக்கத் துணியோடு வந்த செர்வா அம்மாள், குளிர் அறை வாசலில் நின்று கூரையைப் பார்த்தாள்.

"இதுல எத்தனை பெட்டி புடிக்கும்? சும்மாத்தான் கேக்கறேன்."

போட்டேமாவின் நாக்கு நுனிவரை ஒரு நல்ல பதில் வந்தது. விழுங்கிவிட்டாள். முதலில் நாற்காலி, பிறகு தண்ணீர். அதன் பிறகு, ஒபெங் முன்யோசனையோடு வாங்கி பேட்டரிக்குப் பின்னால் ஒளித்திருந்த புட்டியை வலது கையால் நீட்டினாள்.

"நான்தான் முதல்ல உங்களைப் பார்க்க வந்திருக்கணும். ஆறு வாரம் லேட்டாயிடுச்சு, நானா."

செர்வா அம்மாள் மூடியைத் திருகிப் பார்த்தாள், புதுசுதான்.

"புத்தியுள்ள பொண்ணுதான். என்ன, புத்தி கொஞ்சம் நடந்தே வருது." பிறகு லாரிக்காரர்களைப் பார்த்து, "என்னடா மசமசன்னு நிக்கிறீங்க? எறக்குங்க!"

மறுநாள் தக்காளி ஒன்றுகூட நசுங்காமல் வெளியே வந்தது. அறை வாசலில் மற்ற வியாபாரிகளின் கூடைகளும் வரிசைகட்டி நின்றதைப் பார்த்த பிறகுதான் போட்டேமாவுக்கு மூச்சே ஒழுங்காக வந்தது.

ஒபெங் அடுத்த ஆண்டே செர்வா அம்மாளின் இரண்டாவது மகளைக் கட்டிக்கொண்டான். போட்டேமா இரண்டாவது அறை கட்ட டெச்சிமானுக்குக் குடிபோனாள். அங்கே இறங்கியதும் சாமானை வைக்க வீடுகூடப் பார்க்கவில்லை, கையில் இரண்டு புட்டியோடு, "ராணி வீடு எங்கே?" என்றுதான் கேட்டாளாம்.