பனிக்கட்டிமேல் செம்மண்

பின்லாந்து அணியின் கேப்டன் ஆடுகளத்துக்குள் வந்ததும் வலையைப் பார்க்கவில்லை, விளக்குகளைப் பார்க்கவில்லை. குனிந்து உள்ளங்கையைச் செம்மண்ணில் வைத்தார். மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கீழ ஐஸ் இருக்கா?"

"இருக்கு. பலகை போட்டு மூடியிருக்கோம்."

"உருக்கலையா?"

"இது பிப்ரவரி சார்," என்றேன். அவர் ஊரிலும் பிப்ரவரி அப்படித்தான் என்பதால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் குனிந்து தொட்டுப் பார்த்தேன், சில்லென்று ஈரமாக இருந்தது.

கேட்டால் தப்பு என்மேல்தான். இந்த ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் அலுவலகத்தில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். டேவிஸ் கோப்பைச் சுற்று ஒன்றை எங்கள் ஊரில் நடத்தப்போகிறோம் என்று டென்னிஸ் சங்கத்திலிருந்து நாற்பது பக்கப் படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: 'தரை காய்ந்ததாகவும் மூடப்பட்டதாகவும் இருக்குமா?' ஆம் என்று போட்டேன். கனடாவின் சஸ்காட்செவனில் எவளாக இருந்தாலும் ஆம் என்றுதான் போட்டிருப்பாள். கல்யாணம், பள்ளிக்கூடப் பட்டமளிப்பு, டிராக்டர் கண்காட்சி எல்லாவற்றுக்கும் ஐஸ்மேல் பலகையைப் பரப்பித்தான் கொடுக்கிறோம். ஐஸை எடுத்துவிட்டால் மறுபடி போட ஐந்து நாள் ஆகும். செவ்வாய்க்கிழமை பத்து வயதுப் பிள்ளைகளின் ஹாக்கி அரையிறுதி. பிப்ரவரியில் ஐஸை எடுப்பது என்ற யோசனையே எங்கள் ஊரில் யாருக்கும் வராது. மேயர் ஒருமுறை வேறு எதற்கோ கேட்டுப் பார்த்தார். ஐஸ் போடுகிறவர் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டார். ஐஸ் போடுகிறவர் என் அப்பா, ஓரெஸ்ட் சென்சுக்.

பலகைமேல் வருவது நாற்காலியும் மேசையும் அல்ல, அறுபது டன் ஈரச் செம்மண் என்பதைப் படிவத்தின் முப்பத்தோராம் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அவ்வளவு தூரம் யார் படிப்பது?

செம்மண் வந்ததற்குக் காரணம் எங்கள் அணியின் முதல் ஆட்டக்காரன் எத்தியென் லாவுவா. சொந்த நாட்டில் ஆடும் அணி எந்தத் தரை வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம் என்பது இந்தப் போட்டியின் வழக்கம். பின்லாந்துக்காரர்கள் வழவழப்பான வேகத் தரையில் வளர்ந்தவர்கள். நம் லாவுவாவோ சின்ன வயதிலேயே ஸ்பெயினுக்குப் போய், பந்தின் வேகத்தைத் தின்னும் செம்மண்ணில் புரண்டவன். அந்த ஒருவனுக்காக லாரி லாரியாக மண் வந்தது, மைனஸ் முப்பத்தொன்றில் பாறையாக உறைந்து. அதைக் கடப்பாரையால் உடைத்து, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, கோடு பதித்து முடித்தது புதன்கிழமை காலை. புதன்கிழமை மத்தியானம் லாவுவாவுக்கு மணிக்கட்டு வலித்தது. வியாழக்கிழமை அவன் விமானம் ஏறிவிட்டான். தரையை ஒருமுறை அறிவித்துவிட்டால் மாற்றமுடியாது. மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாணத்துக்குப் பந்தலைக் காவல் காப்பதுபோல நாங்கள் நின்றோம்.

அவனுக்குப் பதிலாக அணியில் இருந்த ஒரே ஆள் என் தம்பி டேரில்.

டேரிலுக்கு முப்பத்திரண்டு வயது. ஒன்பது வருஷமாக அணியோடு ஊர் ஊராகப் போகிறான். மற்றவர்கள் பயிற்சி எடுக்க எதிரில் நின்று பந்து அடிப்பான், தேசியகீத நேரத்தில் கடைசியில் நிற்பான், திரும்பி வருவான். ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இப்போது முதல்முறையாக, அதுவும் சொந்த ஊரில், பெயர் வாசித்தார்கள். அவனிடம் இருக்கும் ஒரே ஆயுதம் சர்வ். அந்த சர்வைக் கொன்று புதைப்பதற்கென்றே போட்ட தரையில் அவனை இறக்கினார்கள். இதற்கு நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அந்த சர்வை அவன் கற்றதே இந்த அரங்கத்தின் பின்சுவரில் அடித்து அடித்துத்தான். ஊரில் இருந்த ஒரே டென்னிஸ் தரை வெடித்துக் கிடந்த சிமெண்ட். ஆனால் கோடையில் ஐஸ் எடுத்தபின் பத்து வாரம் உள்ளே அருமையான காங்கிரீட் தரை சும்மா கிடக்கும். பதின்மூன்று வயதில் டேரில் அப்பாவிடம் அதைக் கேட்டான். ஒரு மணி நேரம் போதும் என்று கெஞ்சினான். "பந்தோட நூல்பஞ்சு தரையில ஒட்டும், ஐஸுக்குள்ள போயிரும்," என்றார் அப்பா. பச்சைப் பொய். ஒட்டினாலும் மூடிப்போகும் அளவுக்கு ஐஸுக்கு அடியில் எத்தனை பூச்சு வெள்ளை அடிக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? ஹாக்கி மட்டையைக் கீழே போட்ட பையன்மேல் கோபம், அவ்வளவுதான். அதன்பின் அவர்களுக்குள் பேச்சு என்பது உப்பை எடு, கதவைச் சாத்து என்ற அளவில் நின்றுபோனது. அப்பா அவன் ஆட்டம் எதையும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை டேரில் 2-6, 1-6 என்று தோற்றான். ஐம்பத்தேழு நிமிஷம். குளிர் கீழிருந்து ஏறி, மண் காயவே இல்லை. மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்குமேல் போன சர்வ் தரையில் பட்டதும் சொத்தென்று உட்கார்ந்தது. பின்லாந்துப் பையன் சாவகாசமாக வந்து திருப்பி அடித்தான். அன்று சாயங்காலம் அப்பா வீட்டில் முட்டைக்கோஸ் சுருளைத் தட்டில் வைத்துக்கொண்டு டேரில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"பந்து எழும்பவே மாட்டேங்குதுக்கா. களிமண்ணுல குழி தோண்டி அதுல அடிக்கிற மாதிரி இருக்கு."

"எவ்ளோ ஈரம்?" என்றார் அப்பா.

நானும் டேரிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பத்தொன்பது வருஷத்தில் டென்னிஸ் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"ஷூ புதையுது," என்றான் டேரில்.

அப்பா முள்கரண்டியை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சனிக்கிழமையின் மற்ற ஒற்றையரை எங்கள் இன்னொரு ஆள் ஜெயித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை டபிள்ஸில் ஜெயித்தோம், அடுத்த ஒற்றையரில் தோற்றோம். இரண்டுக்கு இரண்டு. யார் அடுத்த சுற்றுக்குப் போவது என்பதை முடிவு செய்யும் கடைசி ஆட்டம் டேரிலுடையது. எனக்கு அன்று உட்கார நேரமில்லை. கேன்டீனில் பெரோகிக் கொழுக்கட்டை தீர்ந்துவிட்டது, ஆண்கள் கழிவறையில் குழாய் உறைந்துவிட்டது, மூவாயிரம் பேரின் கோட்டுகளுக்கு எண்ணூறு கொக்கி. முதல் செட் 4-6 என்று போனதை ஒலிபெருக்கியில்தான் கேட்டேன். ஆனால் இரண்டாவது செட்டில் படிக்கட்டு இறங்கும்போது காதில் ஏதோ தட்டியது. பந்து தரையில் படும் சத்தம் மாறியிருந்தது. நேற்று சொத், சொத் என்றது இன்று டக், டக் என்றது. டேரிலின் சர்வ் துள்ளி எதிராளியின் தோளுக்குமேல் போனது. 6-3. ஊரே எழுந்து நின்று கத்தியது. நானும் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் கேட்டது. குளிர்பதன அறையின் கம்ப்ரெஸர் வழக்கத்தைவிடக் கனத்த குரலில் உறுமிக்கொண்டிருந்தது.

மூன்றாவது செட் மூன்றுக்கு மூன்றில் பின்லாந்துப் பையன் ஓரத்துப் பந்துக்கு ஓடி, வழுக்கி, முழங்காலில் விழுந்தான். அவன் கேப்டன் எழுந்தார். இந்தப் போட்டியில் கேப்டன் களத்திலேயே உட்கார்ந்திருப்பார். நேராகப் போய் மண்ணைக் கட்டைவிரலால் கீறிப் பார்த்தார். கீறல் விழவில்லை. தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கேட்டார், அதே உறுமலை. பிறகு தலைமை நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் என்னைக் கூப்பிட்டார்.

"மெஷின்ல ஏதாவது மாத்துனீங்களா?"

"தெரியல சார். நோட்டுல இருக்கும்."

குளிர்பதன அறையில் ஒரு நோட்டு தொங்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு எழுதவேண்டும். எடுக்கப் போனேன். அப்பா எதையும் எழுதாமல் விட்டிருந்தால் நான் பொய் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சொல்லியிருப்பேன். ஆனால் அந்த மனிதர் முப்பத்திரண்டு வருஷத்தில் நோட்டில் பொய் எழுதியவர் அல்ல. சனிக்கிழமை முழுக்க மைனஸ் நான்கு. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைனஸ் பதினொன்று. குறிப்பு என்ற கட்டத்தில், கொட்டை எழுத்தில்: 'டென்னிஸ் தரை இறுக. ஓ. சென்சுக்.'

அவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இது?"

"எழுதியிருக்கே."

நான் களத்துக்குக் கொண்டுவந்த நோட்டை நடுவர் இரண்டு தடவை படித்தார்; அப்பாவும் என் பின்னால் வந்து நின்றார். பிறகு தன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மழைக்கு ஒரு பக்கம், வெளிச்சத்துக்கு ஒரு பக்கம், காற்றில் தொப்பி பறந்துவந்து விழுந்தால் அதற்கு ஒரு பத்தி. கீழே ஐஸ் இருந்தால் என்ன செய்வது என்று எவனும் எழுதி வைக்கவில்லை. "ரெண்டு கேப்டனும் பேசி ஒத்துக்கங்க," என்றார் பெருமூச்சு விட்டு. "நான் முடிவு பண்ணினா யாருக்கும் பிடிக்காது."

பின்லாந்து கேப்டன் கோபப்படுவார் என்று நினைத்தேன். "இதவிட இறுகினா எங்க பையனுக்குக் கணுக்கால் போயிரும்," என்றார் நிதானமாக. "மெஷின நிறுத்துங்க. இப்ப இருக்கிற தரை ரெண்டு பேருக்கும் பொது. நிறுத்தினா ஆடுறோம்."

எங்கள் கேப்டன் தலையாட்டினார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மேலே அறுபது டன், சுற்றிலும் மூவாயிரம் பேரின் சூடு. மைனஸ் பதினொன்றுக்கு இறுகிய ஐஸ் இளகும்போது அந்தப் பாரத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். ராத்திரி திரும்பப் போட்டாலும் ஒட்டாது. செவ்வாய்க்கிழமை அரையிறுதி கோவிந்தா.

அதற்குள் டேரில் நடந்து வந்துவிட்டான். நோட்டைப் பார்த்தான். முகம் செம்மண்ணைவிடச் சிவந்தது.

"உங்கள யாருப்பா கேட்டா?" என்றான். "ஒம்பது வருஷம் கழிச்சு ஒரு மேட்ச். நானா ஆட்டத்த மீட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன். அதுக்குள்ளயும் கைய விடணுமா?"

"கைய விடல," என்றார் அப்பா. "தரை குடுத்தேன். அன்னிக்குக் கேட்டல்ல."

டேரில் அந்தக் குறிப்பை மறுபடி படித்தான். எனக்கு இருவர் மண்டையையும் சேர்த்து மோதவேண்டும் போல இருந்தது. ஒரு மணி நேரத் தரைக்கு இந்த மனிதருக்குப் பத்தொன்பது வருஷம் பிடித்திருக்கிறது, கொடுத்ததும் இந்த லட்சணத்தில். அழுகையும் வந்து தொலைத்தது.

"இப்ப நிறுத்தச் சொல்றாங்கப்பா," என்றேன். "ஐஸ் போயிரும்."

"தெரியும்."

"ஊரே உங்கள வையும். பிள்ளைங்க அழும்."

"தெரியும்னு சொன்னேன்ல, லோரி."

அவர் திரும்பிக் குளிர்பதன அறைக்குள் போனார். டேரில் ராக்கெட்டின் நரம்புகளை விரலால் நேராக்கிக்கொண்டு களத்துக்கு நடந்தான். ஒரு நிமிஷம் கழித்து அந்த உறுமல் நின்றது.

செப்டம்பரிலிருந்து இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த சத்தம். இருக்கிறது என்பதே மறந்துபோன சத்தம். மூவாயிரம் பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஹாக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தது.

அப்பா வந்து கடைசிப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்ளோ நேரம் தாங்கும்?" என்றேன்.

"முப்பது நிமிஷம். அதுக்கப்புறம் நேத்து மாதிரி ஆயிரும்."

"அவன்கிட்ட சொல்லிட்டு வரவா?"

"வேணாம். அவனுக்கே தெரியும்."

டேரில் கோட்டருகே நின்று பந்தைத் தரையில் தட்டினான். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அந்த ஒரு சத்தம்தான் இருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அப்பா கையுறையைக் கழற்றினார். செம்மண்ணுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பலகை விளிம்பில் உள்ளங்கையை வைத்து, கையை எடுக்காமல், மகன் மேலே எறிந்த பந்தைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினார்.