யாரும் கொடுக்கவில்லை, பாதிதான்

1
இந்தக் கதை என்னுடையது இல்லை. ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கும் என் அண்ணி, பாத்திரம் கழுவிக்கொண்டே நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். எனக்கு வயிறு எரிந்தது. எழுதிப் பிழைக்கிறவள் நான். கதை என்னவோ அவரைத் தேடிப் போகிறது. அப்படியே சுருட்டிக்கொண்டேன். ("என்னை ஒல்லியா எழுது" என்றார். எழுதியாயிற்று: அண்ணி ஒல்லி.)

2
முதல் தொடக்கம்: 'இன்றைய இளைய தலைமுறை...' சே, பேச்சுப் போட்டி மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: 'அந்த மதியம், மாடியறையில்...' இதுவும் வேண்டாம். நேரே ஆளிடம் போவோம்.

சுருட்டை முடிக்காரி, அதனால் சுருட்டை என்றே வைத்துக்கொள்வோம்; பதினாறு வயது. அவளும் அவள் தோழி நெட்டையும் ஆறாம் வகுப்பிலிருந்தே நகமும் சதையும். எது கிடைத்தாலும் சரிபாதி: ரப்பர், ஐஸ்கிரீம், டீச்சரிடம் வாங்கும் திட்டு. சுருட்டையின் அப்பா பஸ் டிரைவர். அவருடைய இடுப்பு வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த, தசையைத் தளர்த்தும் மாத்திரையில் ஒன்றை எடுத்து வந்தாள். அதையும் பாதியாக உடைத்தார்கள். உடம்பு பஞ்சாகி, காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. பிறகு அதுவே வழக்கமானது.

3
அப்புறம் மூன்றாவதாக ஒருத்தி வந்து ஒட்டிக்கொண்டாள். சுருட்டை அவளைப் 'புதுசு' என்றுதான் சொல்வாள். நானும் சுருட்டை பக்கமே நிற்கிறேன். நெட்டை வீட்டு மாடியறைக்குப் புதுசு ஒரு முழு மாத்திரை அட்டையோடு வந்தாள். நெட்டை அவள் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

"இந்தா, உன் பாதி" என்று நீட்டினாள் சுருட்டை.

"நீயே வச்சுக்கோடி. இவ எனக்கு முழுசாவே தர்றா."

புதுசின் கையிலிருந்து நெட்டை வாங்கி வாங்கி விழுங்கினாள். [இங்கே 'சுருட்டை தடுத்தாள்' என்று எழுதி, அடித்துவிட்டேன். தடுக்கவில்லை. போட்டுக்கோ, நல்லா போட்டுக்கோ என்று மனசுக்குள் கறுவினாள்.]

4
உலுக்கியும் நெட்டை எழுந்திருக்கவில்லை. புதுசு அட்டையோடு கம்பி நீட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் காரில்தான் நெட்டையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள்.

"என்னம்மா சாப்பிட்டா? எத்தனை?" என்றார் அண்ணி.

"தசை மாத்திரை. நான் பாதி, அவ பாதி."

"பாதிக்கு இப்படி ஆகாதே. வேற யாராச்சும் ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"யாரும் குடுக்கல. நாங்க ரெண்டு பேர்தான். எப்பவும் ரெண்டு பேர்தான்."

பயத்தில் சொன்ன பொய் என்றார் அண்ணி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எத்தனை என்று சொன்னால் யார் கொடுத்தது என்று வரும். அதைச் சொல்லிவிட்டால், நெட்டை இவளை விட்டு அவளிடம் போனது உண்மையாகிவிடும். பொறாமை பிடித்தவள் வாய் அவ்வளவு சுலபத்தில் திறக்காது. எனக்குத் தெரியும்.

5
ஒரு முடிவு: சொல்லிவிடுகிறாள். நெட்டை கண் விழித்து, முதலில் புதுசைத் தேடுகிறாள்.

இன்னொன்று: சொல்லவில்லை. நெட்டை... (கை ஓடவில்லை.)

நிஜத்தில் நடந்ததை அண்ணி சொல்ல வந்தார். வேண்டாமென்றேன். இந்தக் கதையில் ஒன்றாவது அவருக்குச் சொந்தமில்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது எனக்கும் தெரியாது.

திரைக்குப் பின்னால் நெட்டையின் மூச்சு விட்டு விட்டு வருகிறது. எதை, எவ்வளவு என்று டாக்டர் மறுபடி கேட்கிறார். அண்ணி சுருட்டையின் தோளைப் பிடிக்கிறார்.

"கண்ணு, அவ உனக்கு யாரு?"

"என் ஃப்ரெண்டு. எனக்கு மட்டும்."

"அப்போ நிஜத்தைச் சொல்லு."

சுருட்டை வாயைத் திறக்கிறாள். அதில் வரப்போகும் சொல்லை உங்களிடம் விடுகிறேன். சீக்கிரம். நீங்கள் யோசிக்கிற ஒவ்வொரு நொடியும் நெட்டையுடையது.